முகம் காட்டாத ஆமை வீரன்

சூப்பர்மேன் 1938-இல் தோன்றியதைத் தொடர்ந்து, அமெரிக்கப் பதிப்பகங்கள் போட்டி போட்டுக்கொண்டு படைத்த முகமூடி வீரர்களுள் பெரும்பாலோர், இரண்டாம் உலகப் போருக்குப்பின் விற்பனை சரிந்தபோது சுவடின்றி மறைந்தனர். அவர்களுள் ‘பிளேசிங் காமிக்ஸ்’ இதழில் 1944-இல் அறிமுகமாகி, ஐந்தே இதழ்களோடு நின்றுபோன ‘கிரீன் டர்ட்டில்’ எனும் பச்சை ஆமை வீரன் தனித்து நோக்கத்தக்கவன். ஜப்பானியப் படைகளை எதிர்த்துச் சீன மண்ணில் போரிடும் இவ்வீரனைப் படைத்தவர், அமெரிக்கச் சித்திரக்கதைத் துறையில் கால்பதித்த முதல் ஆசிய வம்சாவளியினருள் ஒருவரான சூ ஹிங் என்ற ஓவியர்.

அவ்விதழ்களில் வீரன் பெரும்பாலும் வாசகருக்கு முதுகு காட்டியே நிற்கிறான். திரும்பும் கட்டங்களிலோ, ஓங்கிய கையோ நிழலோ குறுக்கே வந்து முகத்தை மறைத்துவிடுகிறது. அவனால் மீட்கப்பட்ட ‘பர்மா பாய்’ என்னும் சிறுவன் அவனுடைய பூர்வகதையைக் கேட்கும்போதெல்லாம் ஏதேனும் ஆபத்து குறுக்கிட, விடை சொல்லப்படாமலே போகிறது. வீரனைச் சீனனாகவே படைக்க ஓவியர் விரும்பினார் என்றும், பதிப்பாளர் அதற்கு இசையாததால் முகத்தையே மறைத்து வரைந்தார் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. ஆவணச் சான்றற்ற செவிவழிச் செய்தியே எனினும், வீரனின் மேனிக்கு, அவனை வெள்ளையனாகக் காட்டவே என்பதுபோல், இயற்கைக்கு ஒவ்வாத இளஞ்சிவப்பு பூசப்பட்டிருப்பதைக் காணும்போது, அதனைப் புறந்தள்ள மனம் ஒப்புவதில்லை.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை முதலில் 28 ஆண்டுகளுக்கே செல்லும். உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாத படைப்பு பொதுவுடைமையாகிவிடும், அதாவது எவருடைய அனுமதியுமின்றி யாரும் அதனைக் கையாளலாம். அவ்வாறு பொதுவுடைமையான இவ்வீரனை, ஜீன் லுவென் யாங் எழுத, சானி லியூ வரைய, ஃபர்ஸ்ட் செகண்ட் பதிப்பகம் 2014-இல் ‘தி ஷேடோ ஹீரோ’ என்ற நூலில் மீண்டும் உயிர்ப்பித்தது. இதில் வீரன் ஐயத்துக்கு இடமின்றிச் சீனன். சைனாடவுன் மளிகைக்கடைக்காரரின் மகனான ஹாங்க். தந்தையின் கடையைக் கவனித்துக்கொண்டு நிம்மதியாக வாழ விரும்பும் அவனை, சாகச வீரனாக்கியே தீருவதென்று தாய் படாதபாடு படுத்துகிறாள். அவளுடைய முயற்சிகளில் ஒன்றன் விளைவாக, நனைந்தால் அவன் மேனி இளஞ்சிவப்பாக மாறிவிடுகிறது. பழைய இதழ்களின் பொருந்தா நிறத்தைப் பிழையென ஒதுக்காமல், கதையின் உறுப்பாகவே ஆக்கிக்கொண்ட யாங்கின் நுட்பம் பெரிதும் பாராட்டுக்குரியது. பழைய படங்களில் வீரனுக்குப் பின்னால் விழும் ஆமை நிழலும் இங்கே பொருள் பெறுகிறது: சீனாவிலிருந்து கடல் கடந்து வந்த ஆமைத் தெய்வம் முதலில் தந்தையின் நிழலிலும், பின்னர் மகனின் நிழலிலும் குடிகொள்கிறது. நூலின் இறுதியில் சூ ஹிங்கின் முதற்கதையும் மறுபதிப்பாக இடம்பெற்றுள்ளதால், 1944-இல் அவர் சொல்லாது விட்ட இடங்கள் எவை என்பதை வாசகரே கட்டம் கட்டமாக ஒப்பிட்டறிய முடிகிறது.