வெற்றிக்குப் பின் அதிகாரம் எங்கே இருக்கிறது? சின்னம், கொறடா, குழு

2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோயில் தனித் தொகுதியில் தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். 2021இல் அதே தொகுதியை விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் சிந்தனைச்செல்வன் வென்றார். ஆறு தொகுதிகளில் போட்டியிட்ட அக்கட்சிக்கு நான்கு உறுப்பினர்கள் கிடைத்தனர். சிந்தனைச்செல்வன் சட்டமன்றக் கட்சித் தலைவரானார். கட்சியின் தலைவரோ சிதம்பரம் மக்களவை உறுப்பினராக டெல்லியில் இருந்தார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மக்கள் அளித்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது? கட்சித் தலைமையிடமா, அவைக்குள் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களிடமா, அவர்கள் இடம்பெறும் குழுக்களிடமா? கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் அனுபவத்தைக் கொண்டே இதற்கு விடை தேடலாம்.

சின்னமே முதல் பூட்டு

தேர்தல் புறக்கணிப்பைக் கைவிட்டு 1999இல் தேர்தல் களத்திற்கு வந்த விடுதலைச் சிறுத்தைகள், 2001இல் மங்களூர் தொகுதியில் வெற்றி பெற்றனர். ஆனால் திருமாவளவன் வென்றது உதயசூரியன் சின்னத்தில். அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி, ஒருவர் எந்தக் கட்சியின் வேட்பாளராக நின்று வென்றாரோ அந்தக் கட்சியின் உறுப்பினராகவே அவையில் கருதப்படுவார். மக்கள் ஓர் இயக்கத்தின் தலைவருக்கு வாக்களித்தார்கள். சட்டமோ அவரைத் தி.மு.க. உறுப்பினராக எண்ணியது. 2004இல் அவர் பதவி விலகினார்.

2019 மக்களவைத் தேர்தலிலும் இதே நிலை பாதியளவு நீடித்தது. சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் 3,219 வாக்கு வேறுபாட்டில் வென்றார். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் வென்றார். 2024இல் இருவரும் பானையிலேயே வென்றனர். 25 மக்களவை இடங்களுக்கு, அல்லது அதன் பகுதிக்கு, ஓர் உறுப்பினர் என்பது மாநிலக் கட்சி அங்கீகாரத்திற்கான விதிகளுள் ஒன்று. 39 இடங்கள் கொண்ட தமிழ்நாட்டில் அதற்கு இருவர் வேண்டும். அந்த இருவரால் 2025 ஜனவரியில் அங்கீகாரம் கிடைத்தது. சொந்தச் சின்னம் என்பது வெறும் பெருமைக்குரிய அடையாளம் அன்று. தன் உறுப்பினருக்குத் தானே கட்டளையிடும் உரிமை அதில்தான் தொடங்குகிறது.

தலைமை அவைக்கு உள்ளேயா, வெளியேயா?

2006இல் கட்சி மங்களூர், காட்டுமன்னார்கோயில் ஆகிய இரண்டு தொகுதிகளை வென்றது. மங்களூர் உறுப்பினர் பின்னர் வேறு கட்சிக்குச் சென்றார். சிறிய கட்சியில் ஒருவரின் விலகல் பாதி பலத்தின் இழப்பாகிவிடுகிறது. சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால், வேறு கட்சியுடன் இணைந்ததாகக் கூறித் தகுதி நீக்கத்திலிருந்து தப்பப் பத்தாவது அட்டவணை வழிவிடுகிறது. நால்வர் கொண்ட கட்சியில் அந்த எண்ணிக்கை மூன்றே. மூவரை வளைத்தால் போதும் என்ற நிலை, ஒடுக்கப்பட்டோர் கட்சிகளை எப்போதும் குறிவைக்கும் ஆபத்தாகும்.

சிவசேனா பிளவு வழக்கில் 2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதில் ஒரு தெளிவைத் தந்தது. கொறடாவையும் சட்டமன்றக் கட்சித் தலைவரையும் நியமிப்பது அரசியல் கட்சியே. சட்டமன்றக் கட்சி அன்று. அவைக்கு வெளியே உள்ள இயக்கமே மூலம், அவைக்குள் இருப்பது அதன் கை என்பதே இதன் பொருள்.

இத்தீர்ப்பை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. “கட்சி” என்று சட்டம் சொல்வது நடைமுறையில் யாரை? செயற்குழுவும் பொதுக்குழுவும் முறையாகக் கூடி விவாதித்து முடிவெடுத்தால் அது தொண்டர்களின் அதிகாரம். அவை கூடாவிட்டால், அல்லது கூடிக் கைதட்டிக் கலைந்தால், அது ஒருவரின் அதிகாரம் மட்டுமே. எந்தக் கட்சிக்கும் இது பொருந்தும்; சமத்துவத்தை முழக்கமாகக் கொண்ட கட்சிகளுக்குக் கூடுதலாகப் பொருந்தும்.

குழு என்னும் மறந்துபோன ஆயுதம்

அவையில் பெரும்பான்மை முடிவு செய்கிறது. நாலு பேர் கொண்ட கட்சி வாக்கெடுப்பில் எதையும் மாற்ற இயலாது. ஆனால் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும், அதிகாரிகளை விசாரிக்கவும், அறிக்கை எழுதவும் குழுவில் இடமுண்டு.

அந்த இடமும் எளிதில் கிடைப்பதில்லை. நாடாளுமன்றத்தின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலக் குழுவில் 30 பேர். அவர்களில் 20 பேரை மக்களவை விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கிறது. 543 உறுப்பினர்களும் வாக்களித்தால் ஓர் இடத்திற்கு ஏறத்தாழ 26 வாக்குகள் வேண்டும். இரண்டு உறுப்பினர்கள் கொண்ட கட்சி கூட்டணியின் துணையின்றி நுழைய முடியாது. ஆகவே கூட்டணிப் பேச்சில் தொகுதிகளின் எண்ணிக்கையோடு குழு இடங்களையும் பேச வேண்டும்.

ஒரு குழு என்ன செய்யும் என்பதற்குச் சான்று இதே மண்ணில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பகுதியில் பிறந்த எல். இளையபெருமாள் 1952இல் கடலூரிலும் 1957இல் சிதம்பரத்திலும் மக்களவைக்குத் தேர்வானவர். 1965இல் ஒன்றிய அரசு அமைத்த தீண்டாமை மற்றும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார மேம்பாட்டுக் குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். 1969இல் வந்த அறிக்கை, நாடெங்கும் நிலவிய தீண்டாமையை ஆவணமாக்கியது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976இல் கடுமையாக்கப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆனதற்கு அவ்வறிக்கை காரணம். பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கத் தமிழ்நாடு 1970இல் கொண்டுவந்த திருத்தத்தின் நோக்க விளக்கமும் அக்குழுவின் பரிந்துரையைச் சுட்டியது.

நம் மாவட்டத்துக் குழு

2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்கள்தொகையில் 29 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் பட்டியல் சாதியினர். ஒன்பது சட்டமன்றத் தொகுதிகளில் திட்டக்குடியும் காட்டுமன்னார்கோயிலும் தனித் தொகுதிகள். இம்மாவட்டத்தின் தெற்குத்திட்டை ஊராட்சியில் மன்றக் கூட்டத்தின்போது தலித் பெண் தலைவர் தரையில் அமர வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. பதவி இருந்தது, நாற்காலி இல்லை. தேர்தல் வெற்றி தானாக அதிகாரம் ஆகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

இத்தகைய வழக்குகளைத் தொடர்ந்து கண்காணிக்கவே 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகள் இரு குழுக்களை வகுத்துள்ளன. 16ஆம் விதியின்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கூட வேண்டும். 17ஆம் விதியின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். மாவட்டக் குழுவில் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் இடம்பெறுகிறார்கள். வழக்குகளின் நிலை, நிவாரணம், மறுவாழ்வு, அதிகாரிகளின் பங்கு ஆகிய அனைத்தும் அதன் ஆய்வுக்கு உட்பட்டவை.

கொறடாவின் கட்டளை இங்கே தேவையில்லை, பெரும்பான்மையும் தேவையில்லை. வந்து அமர்ந்து, கோப்பைக் கேட்கும் உறுப்பினர் ஒருவர் போதும். இக்குழு எத்தனை முறை கூடியது, நம் உறுப்பினர் எத்தனை முறை வந்தார், என்ன கேட்டார் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கூட்டக் குறிப்புகளைப் பெற்று எவரும் அறியலாம். கல்லூரி மாணவர்கள் இப்பணியை இன்றே தொடங்கலாம். கட்சிகளின் செயற்குழுக்களும் தம் உறுப்பினர்களிடம் ஆண்டுதோறும் இக்கணக்கைக் கேட்க வேண்டும். தலைமை தொண்டர்களுக்கும், உறுப்பினர் கட்சிக்கும், இருவரும் மக்களுக்கும் கணக்குக் கொடுக்கும் இடம் அதுவே.