அவையும் அச்சும்: ஸ்பானிய அறிவொளிக் காலமும் வீரமாமுனிவரும்

பதினெட்டாம் நூற்றாண்டை ஐரோப்பியர் அறிவொளிக் காலம் என்பர். பிரான்சு நாட்டு வால்தேரையும் ரூசோவையும் அறிந்த அளவுக்கு அக்காலத்து ஸ்பானிய எழுத்தாளரை நாம் அறிந்திலோம். ஆயினும் அவர்தம் வரலாறு தமிழருக்கு அயலானதன்று.

1726ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் மத்ரித் நகரில் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, ஸ்பானிய மொழிக் கழகம் தொகுத்த பேரகராதியின் முதல் தொகுதி. மற்றொன்று, மக்களிடையே வழங்கிய மூடநம்பிக்கைகளைப் பகுத்தறிவால் ஆராய்ந்து பெனித்தோ பெய்ஹோ என்னும் துறவி எழுதிய கட்டுரைகளின் முதல் தொகுதி. அதே ஆண்டில்தான் வீரமாமுனிவரின் தேம்பாவணி நிறைவுற்றது என்பர். ஆண்டுகள் பொருந்தியது தற்செயலே. ஆனால் அகராதியும் அங்கதமும் இரு நாட்டிலும் தழைத்தது காலத்தின் போக்கு.

ஸ்பானிய அகராதி ஓர் அவையின் ஆக்கம். 1713இல் வில்யேனா பிரபுவின் இல்லத்தில் கூடிய அறிஞர் சிலரே மொழிக் கழகத்தைத் தோற்றுவித்தனர். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னோர் நூல்களிலிருந்து ஆட்சிச் சான்று காட்டி, 1739க்குள் ஆறு தொகுதிகளை முடித்தனர். தெருவில் பாவு நீட்டிச் சீர்செய்யப் பலர் கை வேண்டும் என்பதை நெசவறிந்த களம்பூருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அகராதிப் பணியும் அத்தகையதே.

இங்கோ, இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை அமைத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவு கொண்ட நூல் அது. செய்யுளாக மனனம் செய்ய வேண்டியிருந்த நிகண்டின் செல்வத்தை அகர வரிசையில் நிறுத்தி, எழுத்தறிந்தார் எவரும் தேடிக்கொள்ளுமாறு செய்தார். எனினும் அது முழுமையாக அச்சேறியது 1824இல்தான்.

அங்கத நூல்களின் கதையும் இதுவே. ஆரவாரச் சொற்களால் மக்களை மயக்கிய போதகர்களை எள்ளி, ஹொசே தே இஸ்லா 1758இல் பிராய் ஹெருந்தியோ என்னும் புதினத்தை வெளியிட்டார். சமய விசாரணை மன்றம் 1760இல் அதைத் தடைசெய்தது. இரண்டாம் பகுதி 1768இல் மறைவாகவே அச்சாயிற்று. இஸ்லா, வீரமாமுனிவரைப் போலவே இயேசு சபைத் துறவி. 1767இல் அச்சபையார் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட, அவர் இத்தாலியில் மறைந்தார். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையும் போலிக் குருவையும் மட்டி, மடையன் முதலிய சீடர் ஐவரையும் நகைப்புக்கு உள்ளாக்குகிறது. அதை பாபிங்டன் லண்டனில் அச்சிட்ட ஆண்டு 1822. ஆசிரியர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

கவிஞரும் படைவீரருமான ஹொசே கதால்சோவின் நிலையும் நோக்கத்தக்கது. மத்ரித்தில் சான் செபஸ்தியான் என்னும் விடுதியில் கூடிய இலக்கிய நண்பருள் அவரும் ஒருவர். நாடகம், காளைப்போர், காதல், கவிதை ஆகிய நான்கைப் பற்றி மட்டுமே அங்குப் பேசலாம் என்பது விதி. அரசியலுக்கு இடமில்லை! ஆயினும் மொராக்கோ நாட்டுப் பயணி ஒருவனின் கடிதங்களாக ஸ்பெயினின் குறைகளை அவர் எழுதினார். 1782இல் ஜிப்ரால்டர் முற்றுகையில் அவர் உயிர்நீத்தார். அந்நூல் 1789இல்தான் அச்சில் வரத் தொடங்கியது.

ஸ்பெயினில் அச்சகம் இருந்தது, உரிமம் அரிதாயிற்று. இங்குத் தரங்கம்பாடியில் 1712இலேயே அச்சுப்பொறி வந்திறங்கியது. அது சமயப்பணியாளர் கையில் இருந்தது. இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த 1835ஆம் ஆண்டுச் சட்டமே வழிவகுத்தது.

அவ்வாறாயின் இடைப்பட்ட ஆண்டுகளில் இந்நூல்களைக் காத்தவர் யார்? இங்கு ஏடு படியெடுத்தோர். அங்குக் கையெழுத்துப் படியைக் கைமாற்றிப் படித்த வாசகர். அச்சுக்கு முன்பே நூலுக்கு ஓர் அவை இருந்தது. அரங்கேற்றம் கண்ட தமிழ் மரபுக்கு இது புதிதன்று.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம் எண்ண வேண்டியதும் இதுவே. கூட்டங்களில் படிக்கப்படும் கவிதைகள் யாவும் நூலாகிவிடுவதில்லை. எழுதியவரிடம் மட்டும் ஒரு படி இருப்பது போதாது. கேட்டவரிடமும் ஒன்று இருத்தல் வேண்டும். சதுரகராதி தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது அவ்வாறுதான்.