அட்டைப்படத்தில் ஒரு காலிப் பெட்டி

1974-ம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள அல்புகர்க்கி நகரில், எம்.ஐ.டி.எஸ். என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த எட் ராபர்ட்ஸ் கழுத்தளவு கடனில் இருந்தார். விமானப்படைப் பொறியாளராக வேலை பார்த்தபோது, 1969-ல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. மாதிரி ராக்கெட்டுகளில் பொருத்தும் மின்னணுக் கருவிகளை முதலில் விற்றார்கள்; எடுபடவில்லை. அடுத்து, பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கால்குலேட்டர் 'கிட்' போட்டார்கள். அது நன்றாகவே ஓடியது. ஆனால் சிப் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களே கால்குலேட்டர் விற்க இறங்கியதும் விலை மளமளவென்று சரிந்தது. கடன் சுமார் 3 லட்சம் டாலர்.

வேறொருவராக இருந்தால் கடையைச் சாத்தியிருப்பார். ராபர்ட்ஸ் வங்கிக்குப் போய் இன்னும் 65,000 டாலர் கேட்டார். தனிமனிதர்கள் சொந்தமாக வாங்கக்கூடிய கணினி ஒன்றைச் செய்யப்போவதாகவும், 800 விற்றுவிடலாம் என்றும் சொன்னார். வங்கி கொடுத்தது.

அந்தக் கணினிக்கு மூளையாக அமையவிருந்த, இன்டெல் நிறுவனத்தின் 8080 சிப் அப்போது சில்லறை விலையில் 360 டாலர். மொத்தமாக வாங்குவதாகப் பேசி, ஒன்றை 75 டாலருக்குப் படியவைத்தார் ராபர்ட்ஸ். 400 டாலருக்கும் குறைவான விலையில் முழு கிட்டையும் தர முடிந்தது இந்தப் பேரத்தால்தான். எந்திரத்தின் பெயர் ஆல்டேர் 8800. நியூயார்க்கிலிருந்து வந்த 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழ் அதை அட்டையில் போட முன்வந்தது. ஆனால் அனுப்பிய ஒரே ஒரு முன்மாதிரி எந்திரம் வழியில் தொலைந்துபோனது! வேறு வழியில்லாமல், முகப்பில் விளக்குகளும் சுவிட்சுகளும் பொருத்திய காலிப் பெட்டி ஒன்றைப் படம்பிடித்து, 1975 ஜனவரி இதழின் அட்டையில் வெளியிட்டார்கள்.

திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. நினைவகம் வெறும் 256 பைட். முகப்பிலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளித்தான் கட்டளை கொடுக்க வேண்டும். விடை, எரியும் அணையும் சிறு விளக்குகளில் தெரியும். அதற்கே சில மாதங்களில் ஆயிரக்கணக்கான ஆர்டர்கள் குவிந்தன. கணினி ஒன்று தனக்கே சொந்தமாக வேண்டும் என்று அத்தனை பேர் ஏங்கியிருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத அந்த ஏக்கத்தை, கடனில் மூழ்கியிருந்த ஒருவர் சரியாகக் கணித்தார்.

அந்த அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் பால் ஆலனும் பில் கேட்ஸும் ஆல்டேருக்காக பேசிக் மொழி மென்பொருளை எழுதினார்கள். அப்படித்தான் அவர்களது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அல்புகர்க்கியில் பிறந்தது. அந்த எந்திரத்தைச் சுற்றி 1975 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் கூடிய ஆர்வலர் மன்றத்துக்கு ஸ்டீவ் வாஸ்னியாக் வந்தார். அதன் தூண்டுதலில் அவர் கையில் முதல் ஆப்பிள் கணினி உருவானது.

என் பார்வையில் ராபர்ட்ஸின் பெரிய கொடை பெட்டிக்குள்ளே இருந்தது. நினைவகம் வேண்டுமா, அச்சுப்பொறியை இணைக்க வேண்டுமா, அதற்குரிய மின்சுற்று அட்டையைச் செருகினால் போதும் என்ற வகையில் 100 முனை இணைப்புப் பாதை ஒன்றை அமைத்திருந்தார். மற்ற நிறுவனங்களும் அதற்கேற்ற அட்டைகளைச் செய்து விற்றன. எம்.ஐ.டி.எஸ். தயாரித்த நினைவக அட்டைகள் பழுதாக, வாடிக்கையாளர்கள் போட்டியாளர்களிடம் போனார்கள். பிறகு ஆல்டேரையே ஒத்த முழுக் கணினிகளும் வந்தன. ராபர்ட்ஸுக்கு அதில் கடுங்கோபம். ஆனால் அவர் திறந்துவைத்த அந்த வழியில்தான் ஒரு தொழில்துறையே வளர்ந்தது.

1977-ல் எம்.ஐ.டி.எஸ். பெர்டெக் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. ஜார்ஜியா மாநிலத்துக்குப் போய் விவசாயம் பார்த்தார் ராபர்ட்ஸ். இளவயதில் அவர் விரும்பியது மருத்துவம். மெர்சர் பல்கலைக்கழகம் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் முதல் அணியில், நாற்பது வயதைக் கடந்தபின் மாணவராகச் சேர்ந்தார்; 1986-ல் பட்டம் பெற்றார். காக்ரன் என்ற சிற்றூரில் மருத்துவராகவே எஞ்சிய காலம் வாழ்ந்து, 2010 ஏப்ரல் 1-ல், 68 வயதில் காலமானார். கடைசி நாள்களில் பில் கேட்ஸ் மருத்துவமனைக்கே போய் அவரைப் பார்த்தார்.

கணினி வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியர்கள், ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், பில் கேட்ஸ் பெயர்களுக்கு முன்னால் எட் ராபர்ட்ஸ் பெயரைச் சொல்லுங்கள்.