போயிங் சீ ரேஞ்சர்

இரண்டாவது உலக மகா யுத்த காலத்தில், அமெரிக்கக் கடற்படையின் உபயோகத்துக்கென்று போயிங் கம்பெனியார் நிர்மாணித்து, ஒன்றே ஒன்றோடு நின்றுபோன ரோந்துக் குண்டுவீச்சுப் பறக்கும் படகு. கடற்படைப் பதிவேட்டில் இதற்கு எக்ஸ்.பி.பி.பி.-1 என்று பெயர். அந்த யுத்தத்தில் நேச தேசத்தார் பறக்கவிட்ட இரட்டை எஞ்சின் விமானங்களுள் இதைவிடப் பெரியது வேறொன்றும் இல்லை.

பிரான்ஸ் தேசம் வீழ்ந்து ஒரு வாரம் கழிந்த 1940 ஜூன் 29-ஆம் தேதியன்று இதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அப்பொழுது கடற்படையின் ரோந்து வேலையைப் பெரும்பாலும் காட்டலினா என்ற பறக்கும் படகுகளே பார்த்துவந்தன; அவை நெடுந்தூரம் செல்ல வல்லவை எனினும், வேகமோ சுமையோ அதிகம் இல்லாதவை. முன்மாதிரி பறந்து பார்க்கப்படுவதற்கு முன்னரே 57 விமானங்களுக்கு உத்தரவு பிறந்தது. அவற்றைக் கட்டி நேரே நீரில் இறக்கும் பொருட்டு, வாஷிங்டன் ஏரியின் தென்கரையில் ரெண்டன் என்னும் ஊரில் கடற்படைச் செலவில் ஒரு பெரிய தொழிற்சாலையும் எழும்பிற்று.

இறக்கையின் அகலம் ஏறத்தாழ 140 அடி. பின்னர் உலகப் பிரசித்தி பெற்ற நான்கு எஞ்சின் பி-29 விமானத்தின் இறக்கையும் இதைக் காட்டிலும் இரண்டடிக்கும் குறைவாகவே நீண்டது என்றால், இரண்டே எஞ்சின்களின் மேல் எவ்வளவு பெரிய பாரத்தைச் சுமத்தத் துணிந்தார்கள் என்பது விளங்கும். அவ்விரண்டும் ரைட் கம்பெனியின் ஆர்-3350 வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் 2,000 குதிரைச் சக்திக்குக் குறையாதது. குண்டுகளை வயிற்றில் வைத்தால் படகின் அடிப்பாகத்தைத் திறக்கவேண்டி வரும், தண்ணீரில் இறங்கவேண்டிய யந்திரத்துக்கு அது ஆகாது என்பதனால், இறக்கைகளுக்குள்ளேயே அறைகள் அமைத்து, 20,000 ராத்தல் வரை குண்டுகளை ஏற்ற வழி செய்தார்கள். இந்த ஏற்பாட்டையே இவ்விமானத்தின் தலைசிறந்த யுக்தி என்று சொல்ல வேண்டும். பத்துப் பேர் இதைச் செலுத்துவார்கள். மூன்று நாள் வரை ஆகாயத்திலேயே தங்கலாம் என்பது கணக்கு. வேகம் மட்டும் மணிக்கு 220 மைலை எட்டவில்லை.

1942 ஜூலை 9-ஆம் தேதி இது முதன்முறையாக மேலெழும்பியது. ஆனால் அதே மாதத்தில், விமானத்தின் குணதோஷங்களோடு சிறிதும் சம்பந்தப்படாத காரணங்களால், இதன் விதி முடிவாகிவிட்டது. பசிபிக் யுத்தத்தின் அனுபவத்திலிருந்து, நீரில் இறங்கும் படகுகளைவிடத் தரையிலிருந்து புறப்படும் குண்டுவீச்சு விமானங்களே ரோந்துக்கு ஏற்றவை என்ற அபிப்பிராயம் கடற்படையாரிடம் வலுத்திருந்தது. அத்தகைய விமானங்களோ தரைப்படையின் ஆதீனத்தில் இருந்தன. தரைப்படைக்கோ பி-29 விமானங்களைக் கட்ட இடமும், அவற்றுக்கும் உரிய அதே ஆர்-3350 எஞ்சின்களும் அவசரமாகத் தேவைப்பட்டன. ஆகவே கடற்படை சீ ரேஞ்சர் உற்பத்தியைக் கைவிட்டு ரெண்டன் தொழிற்சாலையைத் தரைப்படையிடம் ஒப்புவித்து, அதற்குக் கைம்மாறாக பி-24, பி-25, வென்ச்சுரா ஆகிய விமானங்களில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டது. இருதரப்பாருக்கும் லாபமான பண்டமாற்று என்றே இதைக் கொள்ளலாம். நஷ்டம் விமானத்துக்கு மட்டுமே.

ஆர்-3350 எஞ்சின் அக்காலத்தில் இன்னும் பக்குவப்படாததாய், அடிக்கடி சூடேறித் தீப்பற்றும் சுபாவமுடையதாய் இருந்தது. 1943 பிப்ரவரி 18-இல் பி-29-இன் இரண்டாவது முன்மாதிரி எஞ்சின் தீயால் சியாட்டில் நகரில் விழுந்து, புகழ்பெற்ற விமானி எட்டி ஆலன் உள்பட அதிலிருந்த பதினொருவரும் மாண்டனர். நான்கு எஞ்சின் விமானத்துக்கே இந்தக் கதி என்றால், இரண்டை மட்டும் நம்பி நடுக்கடலில் மூன்று நாள் சுற்றவேண்டிய படகுக்கு என்ன நேர்ந்திருக்குமோ என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கட்டி முடிந்திருந்த ஒற்றை விமானம் 1943-இல் கடற்படையிடம் சேர்ந்து பரீட்சைகளுக்குப் பயன்பட்டது. துணையின்றித் தனித்துப்போனமையால், அந்நாளைய வானொலி நாடக வீரனின் பெயரைக் கொண்டு அதை ‘லோன் ரேஞ்சர்’ என்று அழைத்தார்கள். ரெண்டன் தொழிற்சாலையிலிருந்து 1,119 பி-29ஏ விமானங்கள் வெளிவந்தன. 707 என்னும் ஜெட் விமானத்துக்கு மூலமான முன்மாதிரியும் 1954-இல் அங்கிருந்தே பறந்தது.