மட்டாஞ்சேரி: கட்டடமும் அடுக்களையும்

முன்னுரை

கட்டடக்கலை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சுவர்களையும் கூரைகளையும் அளந்து, கட்டியவர் பெயரையும் ஆண்டையும் சுட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர். அங்கு வாழ்ந்தோர் எதைச் சமைத்தனர், எவ்வாறு உண்டனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கொச்சியின் மட்டாஞ்சேரியைச் சான்றாகக் கொண்டு, கட்டடத்தையும் அடுக்களையையும் ஒருசேர நோக்க வேண்டியதன் தேவையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அரண்மனை

மட்டாஞ்சேரி அரண்மனை 1555ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியரால் கட்டப்பெற்றுக் கொச்சி மன்னருக்கு அளிக்கப்பெற்றது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் பின்னர் இதனைச் செப்பனிட்டமையால் ‘டச்சு அரண்மனை’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. பெயரும் புறத்தோற்றமும் ஐரோப்பியச் சாயல் உடையன. உள்ளமைப்போ நடுமுற்றத்தைச் சூழ்ந்த கேரள நாலுகெட்டு ஆகும். அம்முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில் உள்ளது. கரிய பளிங்கு போலத் தோன்றும் தளம், சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, தாவரச் சாறு, முட்டையின் வெண்கரு ஆகியவை கலந்து இடப்பட்டதாகும். அயலவர் எழுப்பிய மாளிகையின் தரை, உள்ளூர் அடுக்களையில் புழங்கிய பொருள்களால் அமைந்துள்ளமை இதனால் புலனாகிறது.

யூதர் குடியிருப்பு

அரண்மனையை அடுத்துள்ள பரதேசி யூதத் தொழுகைக்கூடம் 1568இல் கட்டப்பட்டது. பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000இல் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடுகள் இக்கூடத்தினரால் பேணப்பட்டு வந்தன. பகல்விளக்கு, குடை, தோரணம் முதலியன அவற்றில் உரிமைகளாக வழங்கப்பட்டுள்ளன. வாயிலில் தோரணம் கட்டுவதும் அன்று மன்னன் அளிக்க வேண்டிய சிறப்பாக இருந்தது என்பது இதனால் அறியலாகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்து நீலவண்ண ஓடுகள் இக்கூடத்தின் தரையில் பதிக்கப்பெற்றன.

இம்மக்களின் உணவிலும் இத்தகைய இணைவைக் காணலாம். யூத சமய நெறி இறைச்சியுடன் பாலைச் சேர்க்க இடந்தருவதில்லை. தேங்காய்ப்பால் விலங்கின் பால் அன்றாகையால், அதனை இறைச்சிக் குழம்பில் சேர்ப்பதற்குத் தடையில்லை. எனவே சமய நெறி வழுவாமலேயே கேரளத்துச் சமையல் யூத இல்லங்களில் வேரூன்றியது.

பிரிவு

1948இல் இஸ்ரேல் நாடு உருவானபின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் தொழுகைக்கூடம் வழிபாடின்றிக் கைவிடப்பட்டது. அதன் மரவேலைப்பாடுகள் இன்று எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு உள்ளன. மட்டாஞ்சேரியில் எஞ்சியிருந்த கட்டடத்தின் முகப்பு 2019ஆம் ஆண்டு மழையில் இடிந்து வீழ்ந்தது. தேங்காய்ப்பால் சேர்க்கும் சமையல் வழக்கமோ குடிபெயர்ந்தோருடன் சென்று இன்றும் தொடர்கிறது.

முடிவுரை

கட்டடத்தைக் காப்பது அதன் பயன்பாடே என்பதைக் கடவும்பாகம் காட்டுகிறது. அரண்மனைத் தளத்தின் கலவையும் யூத இல்லத்துக் குழம்பும் ஒரே தென்னையைச் சார்ந்தவை. ஆயினும் முன்னது தொல்லியல் சான்றாகவும் பின்னது வீட்டுப் பழக்கமாகவும் மட்டுமே கருதப்படுகின்றன. இவ்வேறுபாடு நீங்க வேண்டும். மட்டாஞ்சேரியில் இன்று யூதர் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். மரபுச் சின்னங்களை ஆவணப்படுத்துவோர் சுவரை அளப்பதுடன், அங்கு வாழ்ந்தோரின் அடுக்களை வழக்கங்களையும் கேட்டுப் பதிவுசெய்தல் உடனடித் தேவையாகும்.