பொறியியல் பொருட்களின் பண்புகளும் லிபர்ட்டி கப்பல்களின் முறிவும்

எந்திரங்கள், கட்டடங்கள், பாலங்கள், ஊர்திகள் ஆகியவற்றை உருவாக்கப் பயன்படுபவை பொறியியல் பொருட்கள் எனப்படும். இவை பொதுவாக உலோகங்கள், பீங்கான் வகைப் பொருட்கள், பலபடிகள், கூட்டுப்பொருட்கள் என நான்கு வகைப்படும். ஒரு பொருளை எந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பதை அதன் பண்புகளே தீர்மானிக்கின்றன. பண்புகளுள் ஒன்றை மட்டும் பார்த்து மற்றொன்றைக் கவனிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு இரண்டாம் உலகப் போர்க்காலக் கப்பல்கள் சான்றாக உள்ளன.

அடிப்படைப் பண்புகள்

வலிமை என்பது விசையைத் தாங்கும் திறன். கடினத்தன்மை என்பது கீறலையும் அழுந்துதலையும் எதிர்க்கும் திறன். நீள்தன்மை என்பது உடையாமல் இழுபட்டு நீளும் இயல்பு. செம்புக் கம்பி வளையும், நீளும். சுண்ணக்கட்டி வளையாமல் சட்டென ஒடியும். பின்னது நொறுங்கும் தன்மை உடையது. உடைவதற்கு முன் ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கும் என்பதைக் காட்டுவது முறிவைத் தாங்கும் திறன். கண்ணாடி கடினமானது, ஆனால் இத்திறன் அதற்கு மிகக் குறைவு.

கப்பல்களின் முறிவு

போரில் மூழ்கிய சரக்குக் கப்பல்களை விரைவாக ஈடுசெய்ய வேண்டிய நிலை 1941இல் ஏற்பட்டது. அமெரிக்கா லிபர்ட்டி என்னும் வகைக் கப்பல்களைப் பெருமளவில் கட்டத் தொடங்கியது. 1945 வரை 2,710 கப்பல்கள் கட்டி முடிக்கப்பட்டன. எஃகுத் தகடுகளை ரிவெட் ஆணிகளால் இணைக்கும் பழைய முறைக்குப் பதிலாகப் பெரும்பாலும் பற்றவைப்பு முறை கையாளப்பட்டதால் வேலை விரைவாக முடிந்தது.

1943 சனவரி 16 அன்று, அதே காலத்தில் கட்டப்பட்ட டி2 வகை எண்ணெய்க் கப்பலான 'செனெக்டடி', ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் கப்பல் கட்டும் தளத்தில் நின்றுகொண்டிருந்தது. புயலோ பகைவர் தாக்குதலோ இல்லை. குளிர்ந்த அந்த இரவில், பெருத்த ஓசையுடன் கப்பலின் மேல்தளமும் இரு பக்கங்களும் பிளந்தன. அடித்தகடு மட்டுமே இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'ஜான் பி. கெய்ன்ஸ்' என்ற லிபர்ட்டி கப்பல் கடலில் இரண்டாக முறிந்ததில் 10 பேர் உயிரிழந்தனர்.

காரணம்

முதலில் பழி பற்றவைப்பின் மீது விழுந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்னும் பெண் அறிவியலாளர் இதனை ஆராய்ந்து, முதன்மைக் காரணம் எஃகிலேயே இருப்பதைக் காட்டினார். சாதாரண வெப்பநிலையில் நன்கு நீளக்கூடிய அந்த எஃகு, குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்ததும் நொறுங்கும் தன்மை பெற்றது. குளிரில் இரும்பின் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்வது கடினமாவதே இதற்குக் காரணம். அடுக்குகள் நகராதபோது உலோகம் வளைந்துகொடுக்காமல் பிளக்கிறது.

வேறு இரண்டு குறைகளும் இதனுடன் சேர்ந்தன. சரக்கறைத் திறப்புகளின் கூர்மையான மூலைகளில் தகைவு குவிந்ததால் பல விரிசல்கள் அங்கே தோன்றின. ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் பெரும்பாலும் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலில் தகடுகள் அனைத்தும் ஒரே உடலாக இருந்ததால், விரிசல் தடையின்றி ஓடியது.

தீர்வும் விளைவும்

திறப்புகளின் மூலைகள் வளைவாக மாற்றப்பட்டன. விரிசலைத் தடுக்கும் பட்டைகள் ரிவெட் ஆணிகளால் பொருத்தப்பட்டன. போருக்குப் பின் கப்பல் எஃகில் கரிமத்தைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டும் வழக்கம் பரவியது. காடி வெட்டிய உலோகத் துண்டை ஊசல் சுத்தியலால் அடித்து உடைத்து, அது உள்வாங்கும் ஆற்றலை அளக்கும் சார்ப்பி சோதனை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறியப்பட்டிருந்தது. கப்பல் முறிவுகளுக்குப் பின்னரே, பயன்படும் வெப்பநிலையில் அச்சோதனையை நடத்துவது எஃகுத் தரக் கட்டுப்பாட்டில் முக்கிய இடம் பெற்றது.

அலுமினியம், செம்பு போன்ற உலோகங்களின் அணு அடுக்கமைப்பு வேறானது. எனவே அவை குளிரில் இவ்வாறு திடீரென நொறுங்கும் நிலையை அடைவதில்லை. சுமார் −162 பாகை செல்சியசில் நீர்ம இயற்கை எரிவாயுவைச் சேமிக்கும் தொட்டிகளுக்கு அலுமினியக் கலவை பயன்படுவது இதனால்தான். 9 விழுக்காடு நிக்கல் சேர்த்த எஃகும் அத்தொட்டிகளுக்குப் பயன்படுகிறது. ஒரு பொருள் எவ்வளவு வலிமையானது என்பதோடு, எந்தச் சூழலில் அவ்வலிமை நிலைக்கும் என்பதையும் அறிந்தே பொறியாளர்கள் இன்று பொருளைத் தேர்ந்தெடுக்கின்றனர்.