லோகோஜா: பதவி இழந்தவர்களின் ஊர்

நைஜர் வடக்கிலிருந்து இறங்கி வருகிறது. பெனுவே கிழக்கிலிருந்து வந்து சேர்கிறது. கூடுதுறைக்குச் சற்று மேலே, பட்டி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது லோகோஜா. தட்டையான அந்த மலையுச்சியிலிருந்து பார்த்தால், கூடிய பிறகும் இரண்டு தண்ணீரும் கொஞ்ச தூரம் நிறம் மாறாமல் பக்கம் பக்கமாக ஓடுவது தெரியும்.

இந்த மலையில் நின்றுதான் ஆங்கிலப் பத்திரிகையாளர் ஃபுளோரா ஷா நாட்டுக்கு ‘நைஜீரியா’ என்று பெயரிட்டார் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். 1897 ஜனவரியில் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் அவர் எழுதிய கட்டுரையில் முன்மொழிந்த பெயர் அது. 1900-இல் இந்த ஊரில் பொறுப்பேற்ற பிரிட்டிஷ் அதிகாரி லுகார்டை 1902-இல் அவர் மணந்துகொண்டார். பெயர்க்கதை மலையேறியது அதனால்தான் போலிருக்கிறது.

ஆங்கிலேயர்கள் முதலில் இங்கே வந்து நன்றாகப் பட்டார்கள். 1841-இல் மூன்று நீராவிக் கப்பல்களில் வந்து, இகாலா மன்னரிடம் நிலம் பேசி, மாதிரிப் பண்ணை போட்டார்கள். காய்ச்சலில் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் செத்துப்போக, பண்ணையும் போயிற்று. 1854-இல் கொய்னாவோடு வந்த வில்லியம் பெய்க்கி ஓர் ஆளைக்கூடக் காய்ச்சலுக்குப் பலி கொடுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவரே இங்கு குடியேறிச் சந்தை தொடங்கினார். அடிமைகளை விலை கொடுத்து மீட்டு விடுவித்தார். ஊருக்கு அஸ்திவாரம் அந்தக் கூட்டம்தான். ஓவோரோ, நூப்பே, ககாண்டா, இகாலா, எபிரா என்று பல இனத்தார் வந்து சேர, சந்தையில் எல்லாருக்கும் பொதுவாக நின்றது ஹவுசா மொழி.

1900 ஜனவரி 1 அன்று, அதுவரை இந்தப் பகுதியை ஆண்டுவந்த ராயல் நைஜர் கம்பெனியின் கொடி இறங்கி, இங்கே பிரிட்டிஷ் கொடி ஏறியது. வடக்கு நைஜீரியக் காப்பாட்சியின் உயர் ஆணையராக லுகார்டு பொறுப்பேற்றார். ஆனால் அவர் கண் வடக்கே அமீர்களின் நாடுகள்மேல் இருந்தது. தலைமையகம் முதலில் ஜெப்பாவுக்கும், 1902-இல் சுங்கேருவுக்கும் போய்விட்டது.

தலைநகரப் பட்டம் போனதும் லோகோஜாவுக்கு வேறொரு வேலை வந்தது: தோற்ற மன்னர்களைப் பார்வையில் வைத்திருப்பது. கானோவின் அமீர் அலியு சொகோட்டோவுக்குப் போயிருந்த நேரத்தில் 1903-இல் அவருடைய நகரம் பிரிட்டிஷ் படையிடம் விழுந்தது. வழியில் செய்தி கேட்டு, படையை விட்டு நழுவினார், பிடிபட்டார். யோலாவுக்கு அனுப்பி, பிறகு இங்கே கொண்டுவந்தார்கள். பெரிய சந்தையும் மண்மதிலும் கொண்ட நகரத்தை ஆண்டவர், இந்த ஆற்றங்கரையில் இருபது ஆண்டுக்கு மேல் ஆயுளைக் கழித்து 1926-இல் இறந்தார். பதவி பறிக்கப்பட்ட வேறு அமீர்களும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். ஐரோப்பியர்களுக்கு இதே ஊரில் தனிக் கல்லறை. ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் ஒரே ஊர், வேறு வேறு சுவர்.

1991-இல் கோகி மாநிலம் பிறந்தபோது லோகோஜா மறுபடியும் தலைநகரமானது. நகரத் தலைவருக்கு ‘மைகாரி’ என்ற ஹவுசாப் பட்டம். ஆனால் இந்த மண்ணின் பூர்வகுடி யார் என்று கேட்டுப்பாருங்கள்: யோருபா வழி வந்த ஓவோரோக்கள் மலையைக் காட்டுவார்கள், மற்றவர்கள் ஆற்றைக் காட்டுவார்கள், வழக்கு இன்னும் ஓயவில்லை.